பேராக்கில் சிலுவை – 9: கடல் கடந்து திரும்பிய உடல்

உடல் உயிர்த்தெழும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை மலாயாவின் பேராக் மண்ணில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1941 டிசம்பருக்கும் 1949 மார்ச்சுக்கும் இடையில். அதற்கு முன்னும் ரப்பர் தோட்டங்களில் சாவுக்குக் குறைவில்லை. மலேரியாவிலும் பிரசவத்திலும் வயிற்றுக்கடுப்பிலும் போனவர்களைப் புதைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்றார்கள் தமிழர்கள். ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு ஒரு குழி இருந்தது. குழிமேல் மரச்சிலுவை இருந்தது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2-இல் மெழுகுதிரி ஏற்றிவைக்க ஓர் இடம் இருந்தது. போர் கொண்டுவந்த சாவு பலருக்கு இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

இத்தொடரில் இதுவரை கண்டவை: பாரிஸ் வேதபோதக சபையின் பாதிரியார் ரெனே ஃபே பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகச் சூசைப்பாளையத்தை எழுப்பினார், 1896-இல் மலாக்காவின் ஆயரானார். மெதடிஸ்ட் மிஷனரி ஹோர்லி 1895-இல் ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பாதிரியார் கோப்பேன் 1912 டிசம்பர் 4-இல் புனித மிக்கேல் பள்ளிக்கு வித்திட்டார். தோட்டங்களுக்கோ சாமியார் எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட ஞாயிறுகளில் செபமாலையை நடத்தியவர் உபதேசியார்.

அந்த உபதேசியார்கள் ஊட்டி வளர்த்த பக்தியில் உயிர்ப்புக்கு என்ன இடம் இருந்தது என்ற கேள்வியிலிருந்து இந்தப் பகுதி தொடங்குகிறது.

* * *

தமிழ்க் கத்தோலிக்கப் பக்தியில் பெரிய வெள்ளியின் எடை உயிர்த்த ஞாயிற்றின் எடையைவிட அதிகம். சிலுவைப் பாதையில் அழுதுகொண்டே நடப்பதும், முழந்தாளிட்டுச் சிலுவை முத்தி செய்வதும், வியாகுல மாதாவின் பாடுகளை ஒப்பாரியின் சாயலில் பாடுவதும் மக்களுக்கு நெருக்கமாக இருந்தன. மரபான சிலுவைப் பாதையில் 14 நிலைகள். பதினான்காவது நிலையில் உடல் கல்லறையில் வைக்கப்படுகிறது. பாதை அங்கேயே முடிந்துவிடும். உயிர்ப்புக்கென்று நிலை கிடையாது.

இதைத் தமிழரின் அழுகைப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடிபட்ட உடல், தூக்க முடியாத பாரம், மேலிருந்து வரும் கட்டளை, ஓரமாய் நின்று கையைப் பிசையும் தாய் ஆகியவற்றைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலியான கல்லறைக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது.

அந்த விளக்கத்தைத் தரவேண்டிய சடங்கு நேரம் தவறி நடந்துகொண்டிருந்தது. இருளில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கு மெழுகுதிரியை ஏற்றுவதுதான் உயிர்ப்பு வழிபாட்டின் உயிர்நாடி. ஆனால் பல நூற்றாண்டுகளாக ரோமைத் திருச்சபை அதைப் பெரிய சனிக்கிழமை காலையிலேயே, லத்தீனில் முடித்துக்கொண்டிருந்தது. வெயிலேறிய வேளையில் ஏற்றும் விளக்குக்கு அர்த்தம் குறைவு. பால்மரக் காட்டில் வாளியோடு நிற்பவனுக்கு அந்தச் சனிக்கிழமை மற்றொரு வேலைநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் இரவு வழிபாட்டுக்கு அனுமதி தந்தார். 1956 முதல் அது எங்கும் விதியானது. போர்க்காலத்துப் பேராக் அறிந்திருந்தது பழைய முறையை மட்டுமே.

ஆகவே சராசரி விசுவாசியின் மனத்தில் உயிர்ப்பு என்பது கடைசி நாளில், கண்ணுக்கெட்டாத தூரத்தில் நடக்கவிருக்கும் ஒன்று. இப்போதைக்கு ஆன்மா மோட்சம் போனால் போதும். திருமுழுக்கிலேயே மனிதன் கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டு அவரோடு எழுகிறான், அதனால் புதுவாழ்வு இந்தப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று பவுல் ரோமையருக்கு எழுதியது மறைக்கல்வியில் இருந்தது. வாழ்வில் அது இறங்கியிருந்ததா என்பது வேறு விஷயம்.

* * *

கோட்பாடு என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மேலே போகவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தவற்றின் கனம் பிடிபடாது.

உயிர்ப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம். காலம் ஏறக்குறைய கி.பி. 54-55. இயேசு இறந்து கால் நூற்றாண்டுகூட முடியாத நேரம். உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைத் தந்துவிட்டு, அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் பவுல் சொல்கிறார். கிறிஸ்து எழவில்லையென்றால் போதிப்பும் வீண், நம்பிக்கையும் வீண் என்று அவர் வாதிடும் இடத்தில் சமரசத்துக்கு வழியே இல்லை.

அவர் சொல்வது செத்தவர் எழுந்து பழைய வாழ்வுக்குத் திரும்புவதை அன்று. யோவான் நற்செய்தியில் லாசர் அப்படித் திரும்பினார். மறுபடியும் சாகவேண்டியவர் அவர். உயிர்த்த இயேசுவோ மீண்டும் சாவதில்லை. உடல் அழிந்து ஆன்மா மட்டும் தப்பிப் பிழைப்பதும் உயிர்ப்பாகாது. அது கிரேக்க ஞானிகள் பலருக்கு எளிதில் ஒப்புதலான கருத்து. அதனால்தான் ஏதென்ஸில் பவுல் உடல் உயிர்ப்பைப் பற்றிப் பேசியபோது கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் பதிவுசெய்கிறது.

பேராக் தமிழ்க் கிறிஸ்தவருக்கு ஏதென்ஸைவிட அருகில் இருந்தது பக்கத்து லயம். அங்கே மாரியம்மன் கோயிலும், அங்கே வணங்கும் சொந்தக்காரர்களும், மறுபிறவி பற்றிய பேச்சும் இருந்தன. மறுபிறவிக் கருத்தில் உயிர் ஓர் உடலைக் களைந்து இன்னொன்றில் புகுகிறது. முந்தைய உடலின் வேலை முடிந்துவிட்டது. உயிர்ப்பு நம்பிக்கையில் அப்படிக் களைவதற்கு இடமில்லை. உழைத்து, நோயுற்று, பெற்று வளர்த்து, அடிபட்ட இந்த ஓர் உடலே கடவுளுக்கு வேண்டியிருக்கிறது. அதை அவர் மாற்றி மகிமைப்படுத்துவார். எப்படி என்பதற்குப் பவுலிடம் விதை உவமை உண்டு, செயல்விளக்கம் இல்லை.

இந்த ஒரே உடலின் மேல்தான் 1941 டிசம்பரில் போர் வந்து விழுந்தது.

* * *

டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். அம்மாதம் முடியுமுன் ஈப்போ அவர்கள் கையில்.

ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்திவந்த ஒரு தம்பதி, நகரம் விழுமுன் தென்மேற்கே பாப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்திருந்தார்கள். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, தைப்பிங்கில் பிறந்த தமிழர். பிறப்பில் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. கத்தோலிக்கப் பெண்ணை மணப்பதற்காகத் திருமுழுக்குப் பெற்று அப்தோன் கிளெமென்ட் என்ற பெயரை ஏற்றவர். மனைவி சிபில், 1899-இல் சுமாத்ராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியர். தாதியும் மருத்துவச்சியுமாக இருந்தவர். 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் திருமணம். அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த முதல் மகன் ஒரு நாள்கூட உயிரோடிருக்கவில்லை. வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்தார்கள். பின்னர் இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

பாப்பானில் 74-ஆம் எண் வீடு மருந்தகமாயிற்று. சிபில் கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஈய வயல் சீனரும் ரப்பர் தோட்டத் தமிழரும் அந்தப் படியேறினார்கள். இரவில் வேறு சிலரும் வந்தார்கள். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கொரில்லாக்கள், காடுகளிலிருந்து குண்டுக் காயங்களோடும் புண்களோடும் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், கம்யூனிஸ்டுகள், கடவுளை ஏற்காதவர்கள். வீட்டில் இயேசுவின் திரு இருதயத்தை வணங்கிய பெண்மணி அவர்கள் காயங்களைக் கழுவிக் கட்டினார். தடைசெய்யப்பட்ட வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து, பி.பி.சி. செய்திகளைக் கேட்டுப் பரப்பவும் செய்தார்.

இரண்டுக்கும் தண்டனை மரணமாக இருக்கலாம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

* * *

1943-இன் நடுப்பகுதியில் வலை இறுகியது. முதலில் கணவர் பிடிபட்டார். ஆகஸ்டில் சிபில் கைதானார். மகன் வில்லியமும் தப்பவில்லை.

விசாரித்தது கெம்பெய்தாய் என்னும் ராணுவப் போலீஸ். சார்ஜென்ட் எக்கியோ யோஷிமுராவுக்கு வேண்டியவை பெயர்கள். யார் வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள், யார் கூட்டிவந்தார்கள்? அடியும் தண்ணீர்ச் சித்திரவதையும் நகம் பிடுங்குவதும் வரிசையாக நடந்தன. முதுகெலும்பு சேதமாகி நடக்கும் சக்தி போயிற்று. பூட்ஸ் காலால் பட்ட உதை தாடையில் காயமாக நின்றது. பெயர்கள் மட்டும் வெளியே வரவில்லை.

பிறகு இளைய மகளைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு வயது ஏழு ஆகவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது.

குழந்தையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். தாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேசினால் குழந்தை இறங்கும். பேசினால் காட்டிலுள்ளவர்களும், அவர்களுக்குச் சோறு போட்டவர்களும் சாவார்கள். அந்தக் கணத்தில் மேலே தொங்கிய சிறுமி, எதையும் சொல்லிவிட வேண்டாம் என்றும், இருவரும் சேர்ந்தே சாகலாம், இயேசு காத்திருப்பார் என்றும் தாயிடம் சொன்னதாகச் சிபிலின் நினைவுநூல் கூறுகிறது.

குழந்தை உயிரோடு இறக்கப்பட்டாள். ரகசியமும் காக்கப்பட்டது.

இந்த நிகழ்வை வீரக்கதையாகச் சொல்லி முடிப்பது மலேசியாவில் வழக்கமாகிவிட்டது. ஏழு வயதை ஒட்டிய ஒரு குழந்தையின் வாயில் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. அந்தப் பதிலுக்கு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

* * *

கி.மு. 167-ஐ ஒட்டிய காலம். யூதேயாவை ஆண்ட சிரிய மன்னன் நான்காம் அந்தியோக்கு, யூதர்கள் தங்கள் சட்டத்தைக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டான். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் 7-ஆம் அதிகாரம் அப்போது நடந்ததாக ஒரு நிகழ்வைச் சொல்கிறது. ஒரு தாயும் ஏழு மகன்களும் பன்றி இறைச்சி உண்ண மறுக்கிறார்கள். தாயின் கண்ணெதிரே மகன்கள் ஒவ்வொருவராக வதைக்கப்படுகிறார்கள். மூன்றாமவன் தன் கைகளை நீட்டி, இவை கடவுளிடமிருந்து வந்தவை, அவரிடமே திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் பேசுகிறான். கடைசி மகனையாவது மனம் மாற்றும்படி மன்னன் தாயை வற்புறுத்துகிறான். அவள் குனிந்து, மன்னனுக்குப் புரியாத தன் தாய்மொழியில், உறுதியாக நிற்கும்படி அவனுக்குச் சொல்கிறாள். அவர்களைக் கருவில் உருவாக்கியது தானல்ல, படைத்தவரே உயிரைத் திருப்பித் தருவார் என்பது அவள் வாதம்.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் உடல் உயிர்ப்பைப் பற்றிய தெளிவான பேச்சு இல்லை. இறந்தவர் நிழலுலகம் போகிறார், அவ்வளவுதான். மக்கபேயர் நூலிலும் தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரத்திலும் அது தெளிவாக ஒலிக்கிறது. இரண்டும் அந்தியோக்கின் கொடுமையின் நிழலில் பிறந்தவை. நீதிமான் நோயில் செத்தால் கேள்வி எழாமல் போகலாம். நீதிக்காகவே ஒருவன் உடல் சிதைக்கப்பட்டால், சிதைத்தவன் சுகமாக வாழ்ந்து முடித்தால், கடவுளின் கணக்கு என்னாவது? உயிர்ப்பு நம்பிக்கை சித்திரவதைக் கூடத்தில் எழுந்த இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்.

ஈப்போவில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. மக்கபேயர் நூலில் தாய் குழந்தைக்குச் சொன்னது, இங்கே குழந்தை தாய்க்குச் சொன்னதாயிற்று. மோட்சத்துக்குப் போக நல்லவளாக இரு என்று மறைக்கல்வியில் கற்ற பாடம், தீயின் மேல் தன் பழைய பொருளைத் திரும்பப் பெற்றது. கொடுங்கோலன் கையிலிருக்கும் கடைசி ஆயுதம் சாவு. அது கடைசி அல்ல என்று ஒரு குழந்தை நம்பிவிட்டால் அவனிடம் வேறு எதுவும் மிஞ்சுவதில்லை.

* * *

அதே 1943-இல் தோட்டங்களில் வேறொரு சாவு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை. போர்க்கைதிகள் போதாமல், மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லிச் சிலரை அழைத்துப் போனார்கள். பலரை லயத்திலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மழைக்காலத்தில் காலரா பரவியது. முகாம் முகாமாக மனிதர்கள் விழுந்தார்கள். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தபோது, போனவர்களில் பாதிப்பேர்வரை திரும்பி வர முடியாதவர்களாகியிருந்தார்கள்.

போருக்குப் பின் நேச நாடுகளின் கல்லறைப் பிரிவுகள் பாதை நெடுகத் தேடி, தங்கள் வீரர்களின் எலும்புகளைத் திரட்டின. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக அடக்கம். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்த கற்கள், ஒழுங்காகக் கத்தரித்த புல். தமிழ்த் தொழிலாளிக்கு இப்படி யாரும் தேடவில்லை. பதிவேடும் சரியாக இல்லை. பலர் பொதுக்குழியில் போனார்கள். காலராவில் செத்தவர்கள் குவியலாக எரிக்கப்பட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கருமாதி செய்யவும் தேதி தெரியாத குடும்பங்கள், பூசைக் கருத்துக் கொடுக்கவும் நாள் தெரியாத குடும்பங்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தன. இந்தத் துக்கத்துக்கு மதம் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல். உடல் எழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறவர்களின் கையில் உடலே இல்லை.

* * *

இந்தச் சிக்கலும் திருச்சபைக்குப் புதிதல்ல. கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, கொன்றவர்கள் உடல்களைப் பல நாள் வெட்டவெளியில் போட்டுவைத்தார்கள். பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் வாரிக் கொட்டினார்கள். காரணத்தையும் சொல்லிக்கொண்டே செய்தார்கள்: உயிர்த்தெழுவோம் என்று நம்புகிறார்களாமே, இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம். தப்பியவர்கள் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். பேராக்குக்கு வந்த பாரிஸ் மிஷன் குருக்களுக்கு இது தங்கள் சொந்த மண்ணின் கதை.

கொன்றவர்கள் நம்பிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்கு விரிவான பதில் எழுதியவர் புனித அகுஸ்தீன். கடவுளின் நகரம் என்ற அவருடைய பெருநூல் 413-இல் தொடங்கி 426 வாக்கில் முடிந்தது. அதன் முதல் பகுதியிலேயே, அடக்கம் கிடைக்காததால் நீதிமானுக்கு எந்தக் குறையும் வராது என்கிறார். கடைசிப் பகுதியான 22-ஆம் புத்தகத்தில், எரிந்ததும் நீரில் கரைந்ததும் விலங்கு தின்றதுமான உடல்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்கு இதைத் திரட்டுவது கடினமா என்று கேட்கிறார். பதிலைவிடக் கவனிக்க வேண்டியது அவர் கேள்வியைத் தட்டிக்கழிக்காத விதம்.

அதே புத்தகத்தில் இன்னொரு செய்தி. மறைசாட்சிகளின் காயத் தழும்புகள் உயிர்த்த உடலிலும் தெரியக்கூடும் என்று அகுஸ்தீன் கருதுகிறார். அவை அங்கே ஊனமாக இருக்காது, பெருமையாக இருக்கும். இதற்கு அடிப்படை யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம். உயிர்த்த இயேசு சீடர்களுக்குக் காட்டியது முகத்தை அன்று. ஆணித் துளைகளையும் குத்தப்பட்ட விலாவையும். தோமா கேட்டதும் அதையேதான். சாவை வென்ற உடலில் சாவின் தடம் அழிக்கப்படவில்லை.

உயிர்ப்பின் ஆன்மிகப் பொருளில் இதைவிட ஆழமான இடம் வேறில்லை. நடந்தது நடக்காததாகிவிடும் என்று கிறிஸ்தவம் வாக்களிக்கவில்லை. துன்பம் மறக்கப்படும் என்றும் சொல்லவில்லை. துன்புற்ற அந்த உடலே, துன்பத்தின் சாட்சியத்தோடு, உயிரோடு நிற்கும் என்கிறது.

* * *

சிபிலின் உடல் அந்தச் சாட்சியத்தைச் சுமந்தபடி 1945-ஐ எட்டியது.

பத்து காஜா சிறை. 1944, 1945 இரண்டு பாஸ்குத் திருநாள்களும் உள்ளேயே கழிந்தன. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் வெளியே வந்தார், நடக்க முடியவில்லை. விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே நினைவுகளைப் பதிவுசெய்தார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அந்நூல் அவர் இறந்தபின் 1954-இல் வெளியானது. ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை.

மனித நீதியால் எட்ட முடிந்தது அதுவரைதான். தூக்குக் கயிறு யாருடைய முதுகெலும்பையும் நேராக்குவதில்லை. தாடைக் காயம் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷமேறி, 1948 ஜூன் 12-இல் ஸ்காட்லாந்தில் சிபில் இறந்தார். வயது 48. லானார்க் என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள்.

நான்கே நாள் கழித்து, ஜூன் 16-இல், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் இருவர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிபில் பெயர் சொல்ல மறுத்துக் காப்பாற்றிய படையின் வழிவந்தவர்களே இப்போது காட்டுக்குள்ளிருந்து பிரிட்டிஷ் அரசோடு போரிட்டார்கள்.

எந்த அரசு அவருக்குப் பதக்கம் தந்ததோ அந்த அரசின் பகைவர்களுக்கு அவர் உயிர்தந்தவர். யாருடைய தியாகி அவர் என்று கேட்டால் அன்றைய மலாயாவில் நேரான பதில் சொல்ல ஆளில்லை.

* * *

அந்த நேரத்தில்தான் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவர முடிவாயிற்று.

கோட்பாட்டின்படி அதற்கு அவசியம் இல்லை. அகுஸ்தீனின் தாய் புனித மோனிக்கா, கணவரின் அருகில் அடக்கமாக வேண்டுமென்று நெடுநாள் விரும்பியவர். 387-இல், சொந்த ஊரிலிருந்து கடல் கடந்த ஒஸ்தியா துறைமுகத்தில் மரணப்படுக்கையில் இருந்தபோது அந்த ஆசையை விட்டுவிட்டார். கடவுளுக்கு எந்த இடமும் தொலைவில்லை, எங்கே எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்ற கருத்தில் பேசினார் என அகுஸ்தீன் எழுதுகிறார். லானார்க்கும் கடவுளுக்குத் தொலைவில்லை.

ஆனால் மக்களுக்குத் தொலைவு. உடல் என்பது தனியொருத்தியின் உடைமை மட்டுமன்று என்ற உணர்வும் கிறிஸ்தவத்தில் அதே அளவு பழையது. கிறிஸ்துவின் உடலாக விசுவாசிகள் எல்லோரும் ஒருவரோடொருவர் இணைந்திருக்கிறார்கள், ஓர் உறுப்பின் வலி எல்லா உறுப்பின் வலி என்று பவுல் அதே கொரிந்தியர் கடிதத்தில் சொல்கிறார். உயிர்ப்பும் ஆளுக்கொரு தனிப் பரிசாகச் சொல்லப்படவில்லை; எல்லோரும் சேர்ந்து எழுவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் கைகள் பிரசவம் பார்த்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த ஊர் ஈப்போ.

1949 மார்ச் 20. ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. பாஸ்குவுக்கு இன்னும் நான்கு வாரம்.

அவசரகாலச் சட்டத்தின் கெடுபிடிக்கு நடுவே ஈப்போ தெருவுக்கு வந்தது. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சிபில் கார்த்திகேசு இரண்டாம் முறையாக அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பாப்பானின் 74-ஆம் எண் வீடு இன்றும் நிற்கிறது.

அந்த அடக்கத்தை வெறும் மரியாதை ஊர்வலமாகக் கொள்வது போதாது. தாடையிலும் முதுகிலும் காயங்களோடிருந்த உடலை, அது காயப்பட்ட நகரத்திலேயே, யாருக்காகக் காயப்பட்டதோ அவர்கள் நடுவிலேயே விதைப்பதை ஒரு தலைமுறை கண்ணால் கண்டது. பேராக்கின் சனிக்கிழமைக் காலை லத்தீன் வழிபாடு பல ஆண்டுகள் சொல்லிப் புரியாததை அந்த ஞாயிறு புரியவைத்தது.

ஆனாலும் கணக்கில் ஒரு பக்கம் நிரப்பப்படாமலே இருந்தது. பெயர் தெரிந்த ஓர் உடல் கடல் கடந்து வந்தது. காட்டுப் பாதையில் விழுந்த ஆயிரக்கணக்கான உடல்களில் ஒன்றுகூடத் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த ஏழாண்டுகளில் பாஸ்குத் தீ இரவுக்கு மாறியது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாசலைத் திறந்தது. அதற்குள் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனைக்கு வரத் தொடங்கிவிட்டன; சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் ஏற்றி, தமிழில் பாடப்பட்ட பாஸ்குத் திரி அவர்கள் கைக்கு வந்தபோது, குழியில்லாமல் போனவர்களுக்கும் சேர்த்து அது ஏற்றப்பட்டதா?